பெட்டிக்குள் ஊர்க் கல்யாணங்கள்

வீட்டு சர்வர் (வீட்டிலேயே எப்போதும் ஓடிக்கொண்டு ஃபைல்களையும் படங்களையும் வைத்துத் தரும் கம்ப்யூட்டர்), பழைய கம்ப்யூட்டர், ஹார்ட் டிஸ்க் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கோவில்பட்டியில் 30 வருடமாகப் போட்டோ ஸ்டூடியோ நடத்திவரும் வாசக நண்பர் பதில் எழுதுகிறார்.

கல்லூரி மாணவர், ராஜபாளையம்
2016-ல் அண்ணன் வாங்கிய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை வைத்து வீட்டு சர்வர் ஆரம்பிக்கலாமா, ராஸ்பெரி பை என்கிற குட்டி கம்ப்யூட்டர் போர்டு வாங்கலாமா?

தம்பி, கையில் இருப்பதை வைத்து ஆரம்பியுங்கள். லேப்டாப்பில் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. கரண்ட் போனாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் நீங்கள் முதலில் சோதிக்க வேண்டியதும் அந்த பேட்டரியைத்தான். சமமான மேஜையில் வைத்துப் பாருங்கள். நாலு மூலையும் படியாமல் ஆடினாலோ, டச்பேட் மேலே புடைத்து நின்றாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதை நீங்களாக நெம்ப வேண்டாம். கடையில் கொடுத்துக் கழற்றிவிடுங்கள். வீங்காமல் இருந்தால், 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி, மெஷின் எழும்போது முதலில் வரும் அமைப்பான பயாஸில் இருக்கிறதா என்று பார்த்துப் போட்டுவிடுங்கள். நாள் முழுக்க பிளக்கிலேயே கிடக்கப்போகிற மெஷின் அது.

அதில் விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் வகையில் ஒன்றான டெபியன் போடுங்கள். டெஸ்க்டாப் திரை எதுவும் வேண்டாம், வெறும் கமாண்ட் வரி போதும். மூடியைச் சாத்தினால் தூங்கிவிடும் பழக்கத்தை அமைப்பில் மறக்காமல் நிறுத்துங்கள். 4 ஜிபி ராம் இருந்தால் வீட்டுக்குள் ஃபைல் பகிரவும், விளம்பரம் தடுக்கும் பை-ஹோல் ஓட்டவும் தாராளம்.

ராஸ்பெரி பை மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு அது வந்தபோது, என் மாதிரி ஆட்களுக்கு லினக்ஸ் கற்றுக்கொடுத்ததே அந்தக் குட்டி போர்டுதான். இன்றைய கணக்கு வேறு. பை 5-க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் கொடுக்கிற அதன் சொந்த அடாப்டர் வேண்டும், போன் சார்ஜர் சரிப்படாது. கேஸ், ஃபேன், சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்கான எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்தால், அதே காசுக்கு ஆபீஸில் இருந்து கழித்த மினி கம்ப்யூட்டர் கிடைத்துவிடும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. இன்டெல்லில் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய சிப்புகளில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அதனால் 6-ஆம், 7-ஆம் தலைமுறை மெஷின்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வந்து குவிகின்றன. விண்டோஸுக்கு ஆகாதவைதான், லினக்ஸுக்கு அவை வாலிப வயது. ஒரு தடித்த புத்தகம் அளவே இருக்கிற லெனோவோ திங்க்சென்டர் டைனி இரண்டு என்னிடம் ஓடுகின்றன. வாங்கும்போது கடையிலேயே ஆன் செய்து, பயாஸுக்குள் பாஸ்வேர்ட் கேட்காமல் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். அடாப்டரையும் அதனுடையதாகவே கேட்டு வாங்குங்கள்.

இல்லத்தரசி, திருமங்கலம்
மகன் 24 மணி நேரமும் ஒரு பெட்டியை ஓடவிட்டிருக்கிறான். கரண்ட் பில் எகிறாதா?

பெட்டி எவ்வளவு வாட் இழுக்கிறது என்பதில் இருக்கிறது. 10 வாட் இழுக்கிற மினி கம்ப்யூட்டர் என்றால் ஒரு நாளைக்கு 240 வாட் மணி, அதாவது கால் யூனிட் கூட இல்லை. இரண்டு மாதத்துக்கு 14.4 யூனிட். பழைய பெரிய டெஸ்க்டாப்பை ஓடவிட்டு அது 60 வாட் இழுத்தால் அதே இரண்டு மாதத்துக்கு 86.4 யூனிட்! வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை அது ஒன்றே கிட்டத்தட்டத் தின்றுவிடும். பிளக்குக்கும் சாதனத்துக்கும் நடுவே மாட்டுகிற வாட் மீட்டர் கிடைக்கிறது. ஒன்று வாங்கித் தரச் சொல்லுங்கள் அம்மா, மீட்டரை வைத்து அவனோடு பேசலாம்.

மருந்துக்கடை உரிமையாளர், விளாத்திகுளம்
எங்கள் பக்கம் கரண்ட் போய்ப் போய் வருகிறது. பை-ஹோல் ஓடிய மெமரி கார்டு இரண்டு தடவை செத்துவிட்டது. கரண்ட் வந்த பிறகு சில நாள் இணையமே வருவதில்லை. ஏன்?

அண்ணாச்சி, நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு நோய் இருக்கிறது.

முதலாவது கார்டு. மெமரி கார்டு கேமராவுக்காக வந்தது. எப்போதாவது எழுதும், அப்புறம் சும்மா இருக்கும். சர்வரோ நிமிடத்துக்கு நிமிடம் பதிவேடு எழுதிக்கொண்டே இருக்கும். எழுதுகிற நேரம் பார்த்துக் கரண்ட் போனால் கார்டு பாதியில் நிற்கும். ஒரு சின்ன எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் போடுங்கள். கடையில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்பக்கம் யுபிஎஸ் மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். அந்தப் பக்கம் தள்ளினால் மாறுகிற நேரம் குறையும், கம்ப்யூட்டர் விழாது. மினி கம்ப்யூட்டர் என்றால் பயாஸில் கரண்ட் திரும்பி வந்ததும் தானாக எழும் அமைப்பு இருக்கும், அதையும் ஆன் செய்துவிடுங்கள்.

இரண்டாவது நோயைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பெருமழை தேவைப்பட்டது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்போது எங்கள் தெருவிலும் இரண்டு நாள் கரண்ட் இல்லை. வந்த பிறகு எல்லாம் எரிகிறது, ரவுட்டரில் பச்சை விளக்கு, ஆனால் ஒரு இணையப் பக்கமும் திறக்கவில்லை. அரை நாள் வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினேன். கடைசியில் பை-ஹோல் ஓடுகிற என் ராஸ்பெரி பையில் தேதியைக் கேட்டுப் பார்த்தால் அது இன்னும் மழைக்கு முந்திய நாளிலேயே இருக்கிறது!

பை 4 வரை அந்த போர்டில் கடிகார பேட்டரி கிடையாது. அணையும் முன் குறித்துவைத்த நேரத்தோடு எழுந்து, இணையத்தில் சரியான நேரத்தைக் கேட்டு மாற்றிக்கொள்ளும். வீட்டில் யார் இணையப் பக்கம் திறந்தாலும் அதன் பெயருக்கு முகவரி தேடித் தருவது பை-ஹோல்தான். நான் அதில் இணையப் பெயர்களின் கையொப்பத்தைச் சரிபார்க்கிற டிஎன்எஸ்செக் வசதியையும் போட்டிருந்தேன். அந்தக் கையொப்பங்களுக்கு இந்த நாள் முதல் இந்த நாள் வரை என்று ஆயுள் உண்டு. நேரம் பின்னால் கிடந்தால் கையொப்பம் இன்னும் தொடங்காத மாதிரி தெரியும், பெயரைத் தரமாட்டேன் என்று மறுக்கும். நேரம் சொல்லும் சர்வரையும் பெயர் வைத்துத்தானே தேட வேண்டும்? நேரம் தெரியாததால் பெயர் கிடைக்காது, பெயர் கிடைக்காததால் நேரம் தெரியாது. உங்களுக்கும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். கரண்ட் வந்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். டிஎஸ்3231 என்கிற கடிகாரச் சில்லு பொருத்திய குட்டி போர்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதை மாட்டினால் தீர்ந்தது.

போட்டோகிராபர், தென்காசி
இரண்டு டிஸ்க் போட்ட பெட்டியில், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதிகிற மாதிரி மிரர் செய்து வைத்திருக்கிறேன். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். இனி பயமில்லைதானே?

தம்பி, நீங்கள் என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நானும் அதே நம்பிக்கையில் இருந்தவன். ஒரே நாளில், ஒரே கடையில், அடுத்தடுத்த எண் உள்ள இரண்டு டிஸ்க் வாங்கி, ஒரே பெட்டியில் போட்டு மிரர் செய்திருந்தேன். 2018 ஐப்பசியில் ஒரு ராத்திரி அந்தப் பெட்டியின் அடாப்டர் கெட்டது. கெட்டதோடு நிற்காமல், 12 வோல்ட்டுக்கு மேலே ஏற்றி உள்ளே தள்ளிவிட்டது. காலையில் ஸ்டூடியோவைத் திறந்தால் தீய்ந்த வாடை. இரண்டு டிஸ்க்கின் போர்டும் கறுத்திருந்தன. 2011 முதல் 2014 வரை எடுத்த 43 கல்யாணங்கள் அதில் இருந்தன. டிவிடி போட்டு வைத்திருந்தவற்றைத் தேடி எடுத்ததில் 17 மட்டும் படிக்க முடிந்தது. மீதி டிவிடிகளில் அடிப்பக்கம் நிறம் மாறியிருந்தது, டிரைவ் முனகிக்கொண்டே இருந்துவிட்டுத் துப்பிவிட்டது.

அடுத்த தை மாதம் கயத்தாறிலிருந்து ஒரு பெண் வந்தார். அவர் கல்யாணத்தை 2013-ல் நான்தான் எடுத்தேன். அவருடைய அப்பா தவறி ஒரு வாரம் ஆகியிருந்தது. பதினாறாம் நாளுக்குப் படம் பெரிதாகப் போட வேண்டும். ஆல்பத்தில் இருக்கிற படங்களில் அப்பா எல்லாவற்றிலும் விறைப்பாக நிற்கிறார். "மண்டப வாசல்ல சந்தனக் கிண்ணத்த வச்சுக்கிட்டு சிரிச்சாங்கல்லா அண்ணே, நீங்க எடுத்தீங்க, நான் பார்த்தேன்" என்றார். எடுத்தது எனக்கும் ஞாபகம் இருந்தது. 1,800 படத்தில் 120-தான் ஆல்பத்துக்குப் போகும், அது போகவில்லை. மிச்சம் எல்லாம் அந்தக் கறுத்த டிஸ்க்கில். ஆல்பத்தை வாங்கி, குரூப் போட்டோவில் இருந்து அவர் முகத்தை மட்டும் பிரித்து எடுத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

மிரர் செய்வது ஒரு டிஸ்க் தானாகச் சாகும்போது வேலை நிற்காமல் இருப்பதற்கு. தவறி அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். வைரஸ் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். இடி, அடாப்டர், திருடன் எல்லாரும் இரண்டையும் சேர்த்தே எடுத்துப்போவார்கள். நம் தொழிலைச் சேர்ந்த அமெரிக்கர் பீட்டர் குரோக் பரப்பிய ஒரு கணக்கு உண்டு: மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். நான் அதைத்தான் பின்பற்றுகிறேன். ஸ்டூடியோவில் ஒன்று, வீட்டு சர்வரில் ஒன்று, சாத்தூரில் அக்கா வீட்டில் ஒன்று. ஒரு கல்யாணத்துக்கு கேமராவின் மூலப் பதிவான ரா ஃபைல் மட்டுமே 80 ஜிபி வரும். மொத்தம் 4 டிபி சேர்ந்திருந்தது. 50 எம்பிபிஎஸ் வேகத்தில் அதை ஏற்ற ஒரு வாரத்துக்கு மேல் இடைவிடாமல் ஓட வேண்டும். அதனால் முதல் பிரதியை டிஸ்க்கில் போட்டு, துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். அதற்கப்புறம் புதிதாகச் சேர்வது மட்டும் ராத்திரி ராத்திரி, மாறியதை மட்டும் நகலெடுக்கிற ஆர்சிங்க் மென்பொருள் வழியாகப் போகிறது.

டிஸ்க் வாங்கும்போது இரண்டை ஒரே நாளில் வாங்காதீர்கள். வேறு வேறு மாதத்தில், முடிந்தால் வேறு வேறு கம்பெனியில் வாங்குங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையை மாதம் ஒரு தடவை பாருங்கள். 2007-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்து எழுதிய கட்டுரையில், மேற்பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை காட்டிய டிஸ்க், பிழை காட்டாததைவிட அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு 39 மடங்கு என்று கண்டார்கள். அதனால் ஒரு பிழை வந்தாலே நான் அந்த டிஸ்க்கை மாற்றிவிடுகிறேன். அதே கட்டுரை இன்னொன்றும் சொன்னது. செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான எச்சரிக்கைகளில் ஒன்றைக் கூடக் காட்டாமலே செத்தன. அறிக்கை சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாகப் படுத்துவிட முடியாது.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு கண்ணை மூடி ஏதாவது ஒரு கல்யாண ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து, சாத்தூர் பிரதியிலிருந்து வேறு ஒரு கம்ப்யூட்டருக்கு இறக்கி, படங்களைத் திறந்து பார்ப்பேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படிப் பார்த்தபோதுதான், ஃபோல்டர் பெயரை நான் தமிழில் மாற்றிய ஒரு மாதத்துப் படங்கள் போகவே இல்லை என்று தெரிந்தது. நகலெடுக்க நான் எழுதிய ஸ்கிரிப்ட்டில் பெயருக்கு நடுவே வரும் இடைவெளியைச் சரியாகக் கையாளவில்லை. பிழை எதுவும் திரையில் வரவில்லை. இறக்கிப் பார்த்ததால் மட்டுமே பிடிபட்டது.

ஆசிரியர், சிவகாசி
சர்வருக்கு ஏசி அறை வேண்டுமா?

வேண்டாம். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில்தான் என்னுடையவை ஓடுகின்றன. காற்று போய்வர இடம் விடுங்கள். பரணில், இரும்பு பீரோவில், துணி மூட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உங்கள் ஊர்த் தூசிக்கு மாதம் ஒரு முறை புளோயர் அவசியம். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுழலவிட்டால் அச்சு தேய்ந்துவிடும்.

மென்பொருள் பணியாளர், சிங்கப்பூர்
திருநெல்வேலியில் அம்மா அப்பா வீட்டில் சின்ன சர்வர் வைத்தேன். இங்கிருந்து திறக்க முடியவில்லை. வெளியிலிருந்து உள்ளே விடும் வாசலான போர்ட்டை ரவுட்டரில் திறந்தும் பலனில்லை.

அப்பாவை ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, வெளிப்பக்க முகவரி என்ன என்று படிக்கச் சொல்லுங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் எந்த போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4 முகவரிகளின் உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்றே பகிர்ந்து முடிந்துவிட்டது. அதனால் இணையக் கம்பெனிகள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. அபார்ட்மென்ட் கேட்டுக்கு வந்தவருக்கு வீட்டு எண் தெரியாத மாதிரி, வெளியிலிருந்து வருவது உங்கள் வீட்டுக்கு வந்து சேராது.

வழி இருக்கிறது. வீட்டு சர்வரே வெளியே போய் ஒரு சுரங்கம் போட்டு வைத்துக்கொள்ளட்டும். அப்படிச் சுரங்கம் போடும் வயர்கார்ட் 2020 மார்ச்சில் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் 5.6-லேயே சேர்ந்துவிட்டது, அதுவே என் தேர்வு. அதன் மேல் கட்டிய டெயில்ஸ்கேல் போட்டால் பத்து நிமிட வேலை. மாதம் சில நூறு ரூபாய்க்கு வாடகை சர்வர் எடுத்து நடுவில் வைத்துக்கொண்டால் இன்னும் உங்கள் கைக்குள் இருக்கும்.

பொது முகவரியே கிடைத்தாலும் தூரத்திலிருந்து கமாண்ட் கொடுக்க நுழையும் 22-ஆம் போர்ட்டை நேராக வெளியே திறக்காதீர்கள். ஒரு ராத்திரி சோதனைக்காகத் திறந்து வைத்தேன். காலையில் பதிவேட்டில் ரூட், அட்மின், பை, உபுண்டு என்ற பயனர் பெயர்களில் யார் யாரோ பக்கம் பக்கமாகக் கதவைத் தட்டியிருந்தார்கள். பாஸ்வேர்ட் நுழைவை நிறுத்தி, சாவி ஃபைலால் மட்டும் நுழைகிற மாதிரி அன்றே மாற்றினேன். இன்னொன்று, ஊரில் இருப்பவர்களைப் போனில் கூப்பிட்டு அடிக்கடி வயர் பிடுங்கச் சொல்லாதீர்கள். அப்பாவுக்குக் குனிய முடியுமோ என்னவோ. ரவுட்டர் பிளக்கில் தினம் விடியற்காலை 4 மணிக்கு அணைந்து எழுகிற டைமர் மாட்டிவிட்டு வாருங்கள்.

வங்கி ஊழியர், விருதுநகர்
போனில் இடம் நிறைந்துவிட்டது. குடும்பப் படங்களை நானே வைத்துக்கொள்ள எது நல்லது?

கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1-லிருந்து அளவில்லா இலவசத்தை நிறுத்தி 15 ஜிபிக்குள் கணக்கு வைத்ததும் உங்களைப் போலப் பலர் இந்தப் பக்கம் வந்தார்கள். நான் சொந்த சர்வரில் ஓடுகிற இம்மிச் என்கிற போட்டோ மென்பொருளைப் போட்டிருக்கிறேன். போனிலிருந்து தானாக ஏற்றும், முகம் பார்த்துப் பிரிக்கும். ஆச்சி முகத்தைத் தொட்டால் ஆச்சி இருக்கிற படம் எல்லாம் வந்து நிற்கும், என் பிள்ளைகள் அதைச் செய்துகொண்டே இருப்பார்கள். 8 ஜிபி ராம் கொடுங்கள். பேக்கப் எடுக்கும்போது படங்களோடு அதன் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையும் சேர்த்து எடுங்கள். படம் மட்டும் எடுத்தால் யார் முகம், எந்த ஆல்பம் என்பதெல்லாம் போய்விடும். வேறு பிரதி இருக்கிறது என்று கண்ணால் பார்க்கும் வரை போனில் அழிக்காதீர்கள்.

வாசகி, தஞ்சாவூர்
என் கணவர் வீட்டுப் படம், பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறார். அதைத் திறக்க அவருக்கு மட்டும்தான் தெரியும். கேட்டால் "உனக்குப் புரியாது" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்ய?

உங்கள் பயம் நியாயமானது. இதைப் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் படிக்கட்டும்.

ஐயா, உங்களுக்கு மட்டும் தெரிந்த சர்வர் உங்கள் குடும்பத்துக்குப் பூட்டிய பெட்டி. பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய டிஸ்க்கின் சாவி உங்கள் மூளையில் மட்டும் இருந்தால், எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. வருடம் இரண்டு தடவை, குடும்பத்துக்கு வேண்டியதை மட்டும் ஒரு சாதாரண யுஎஸ்பி டிஸ்க்கில், பூட்டு எதுவும் போடாமல், எந்த விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினாலும் திறக்கிற மாதிரி நகல் எடுங்கள். பத்திரம் இருக்கிற பீரோவில் நகையோடு வையுங்கள். அதற்கப்புறம் ஒரு தாளில், கையெழுத்தில், எந்த விளக்கு எரிந்தால் சரி, எந்த வயரைப் பிடுங்கி மாட்ட வேண்டும், பாஸ்வேர்ட் புத்தகம் எங்கே, எந்த நண்பரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

எழுதி முடித்ததும் உங்கள் மனைவியிடம் தாளைக் கொடுத்துவிட்டு, நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். என்ன கேட்டாலும் பதில் சொல்லாதீர்கள். அவர் தாளை மட்டும் வைத்துப் பிள்ளையின் பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் திறந்து காட்ட வேண்டும். எங்கே நிற்கிறாரோ அங்கே தாளைத் திருத்துங்கள்.

எங்கள் வீட்டில் போன பொங்கல் லீவில் இதைச் செய்தோம். நாற்பது நிமிடம் ஆனது. இடையில் என் மனைவியின் குரல் மட்டும் வந்தது: "கறுப்பு வயரப் பிடுங்குன்னு எழுதியிருக்கீங்க. இங்க ரெண்டு கறுப்பு வயர் கெடக்கு, எதச் சொல்லுதீங்க?" நான் பதில் சொல்லவில்லை. இப்போது அதில் ஒன்றில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது, தாளில் அவள் கையெழுத்தில் "சிவப்பு நூல்" என்று திருத்தியிருக்கிறது.